அந்தோனியார் கைவிட்டது நாற்பத்தொன்று

என் கணவர் கிறிஸ்ரி கடலில் மூன்று முறை செத்தார். இரண்டு முறை கொன்றவர் அம்புறோஸ் மாமா. மூன்றாவது முறை கொன்றவள் நான். மூன்றும் என் மடிக்கணினிக்குள் நடந்தவை என்பதால் யாரும் பூசை ஒப்புக்கொடுக்கவில்லை.

முதலில் இருந்தே சொல்கிறேன். எங்கள் கரை மன்னார்த் தீவில் இருக்கிறது. வள்ளம் கொஞ்சத் தூரம் போனதும் போனில் சிக்னல் செத்துவிடும். அதற்கப்பால் இருக்கிற ஆளுக்குக் கரையில் இருந்து ஒரு சொல் சொல்ல வழியில்லை. போன சோளகத்தில், அதுதான் தென்மேற்குப் பருவத்தில், காற்று வரப்போகிறது என்று றேடியோவில் சொன்னார்கள். கரையில் கோழிக்குக்கூடத் தெரிந்திருந்தது. கடலில் நின்ற கிறிஸ்ரிக்கு மட்டும் தெரியாது. அவர் பாதி வள்ளம் தண்ணீரோடு வந்து சேர்ந்தார். அன்றைக்கு நான் கரையில் நின்ற நிலையை என் எதிரிக்கும் சொல்லமாட்டேன்.

இந்த வருடம் ஒரு தொண்டு நிறுவனம் அதற்கு மருந்து கொண்டு வந்தது. மீனவர் சங்கக் கட்டடத்தின் மேல் ஒரு கம்பம். ஒவ்வொரு வள்ளத்திலும் சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு கருவி. கரையில் இருந்து போனில் அனுப்புகிற சேதி கம்பத்துக்குப் போகும், கம்பம் அதை வள்ளத்துக்கு அனுப்பும். இதில் ஒரு சிக்கல். கம்பத்துக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள பாதை மகா ஒடுக்கம். ஒரு நேரத்தில் ஒரு சின்னத் துண்டுதான் போகும். மிச்சமெல்லாம் கம்பத்தடியில் வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த வரிசைக்கு விதி வேண்டும். எத்தனை சேதி நிற்கலாம், இடம் நிரம்பினால் எதை எறிவது, யாராவது முந்திப் போகலாமா என்பதையெல்லாம் ஒரு ஸ்கிரிப்டில் எழுதி, சிமுலேற்றர் என்ற மென்பொருளில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அது ஒரு பொய்க்கடல். வள்ளமும் பொய், காற்றும் பொய், கணக்கு மட்டும் மெய். பார்த்துச் சரிவந்தால், வெள்ளிக்கிழமை நிறுவனத்தின் இஞ்சினியர் நவ்ஷாத் மன்னார் டவுனில் இருந்து வந்து அந்த விதிகளைக் கருவிகளில் ஏற்றுவார். ஏற்றினால் சோளகம் முடியும் வரை மாற்ற முடியாது. மாற்றுவதென்றால் எல்லா வள்ளத்தையும் நிறுத்திக் கருவிகளைக் கழற்ற வேண்டும். தொழில் நாளில் அதற்கு எவன் சம்மதிப்பான்?

கம்பஸில் கணினி படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கிறவள் இந்தக் கரையில் நான் ஒருத்திதான். “டினோஜா, நீ சும்மாதானே இருக்கிறாய், இதைச் செய்து தா” என்றார் சங்கத் தலைவர் அம்புறோஸ். அவர் என் அம்மாவின் அண்ணன். சும்மா இருக்கிறேனாம். சமையல், உடுப்பு, கருவாட்டுக்கு உப்புப் போடுவது எல்லாம் வானத்தில் இருந்து சம்மனசுகள் இறங்கி வந்து செய்கிறார்களாக்கும்.

நான் வேலையைத் தொடங்க முன்னமே மாமா தன் விதியைச் சொல்லிவிட்டார்.

“பிள்ளை, லைனில நிண்ட ஒருத்தரையும் விலத்தக் கூடாது. நடுவால ஒருத்தரும் பூரக் கூடாது. இந்த ரெண்டும் காணும்.”

இதற்குப் பின்னால் ஒரு நீலப் பிளாஸ்ரிக் கான் இருக்கிறது. எண்ணெய் இல்லாமல் நாடு நின்ற வருடத்தில் மண்ணெண்ணெய்க்கு வரிசை வைத்தோமே, அப்போது ஆள் நிற்கத் தேவையில்லை, கான் நின்றால் போதும். மாமாவும் பெயர் எழுதிய நீலக் கானை வரிசையில் வைத்துவிட்டுப் பூசைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய கான் மதிலுக்குப் பின்னால் கிடந்தது. எண்ணெயும் முடிந்துவிட்டது. அன்றில் இருந்து அந்தக் கான் சங்கக் கந்தோரில் ஒரு கதிரையில் இருக்கிறது. கூட்டத்துக்கு எவ்வளவு சனம் வந்தாலும் அந்தக் கதிரையில் யாரும் இருப்பதில்லை.

சரி, மனுசனின் மனதை நோகடிப்பானேன் என்று அவருடைய விதியையே எழுதினேன். வரிசைக்கு எல்லை இல்லை, முந்துவதற்கு அனுமதி இல்லை. பரீட்சார்த்தமாக ஒரு கிழமை எல்லோரும் கருவியைப் பாவித்திருந்தார்கள். அந்தக் கிழமையில் போன சேதிகளை எடுத்துப் பொய்க்கடலில் விட்டேன். நடுவில் காற்று எச்சரிக்கை ஒன்றையும் போட்டேன்.

எச்சரிக்கை போய் வரிசையின் கடைசியில் நல்ல பிள்ளையாக நின்றது. அதற்கு முன்னால் அன்றைய மீன் விலை, “எத்தினை பெட்டி?” என்ற கேள்விகள், அவற்றுக்கு முன்னால் மாமாவின் காலை வணக்கம். மாமா தினமும் ஒரு புனிதரின் படத்தோடு எல்லா வள்ளத்துக்கும் காலை வணக்கம் அனுப்புவார். படம் துண்டு துண்டாகத்தான் போகும். உடம்பெல்லாம் அம்பு தைத்த செபஸ்தியாரின் ஒரு அம்பு போய்ச் சேரவே நேரம் எடுத்தது. எச்சரிக்கை கிறிஸ்ரியிடம் போனபோது காற்று அவரிடம் முதலே போயிருந்தது.

ஸ்கிரிப்ட் எனக்கு முடிவைக் காட்டியது. எறியப்பட்ட சேதி பூச்சியம். ஒரு சேதியும் கைவிடப்படவில்லை, கடலில் நின்ற எல்லோரும் செத்துப்போனார்கள்.

மாமாவிடம் போனேன். படத்தை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் யோசித்தார்.

“சரி. நீ சொன்னதுக்காகப் படத்தை விடுறன்.”

விட்டார். படத்துக்குப் பதிலாக அந்தந்தப் புனிதரின் வரலாற்றை எழுதி அனுப்பினார், பிறப்பில் இருந்து. மாமாவுக்கு எழுத வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அதையும் பொய்க்கடலில் விட்டேன். சூசையப்பர் எகிப்துக்குப் போய்ச் சேர முன்னம் கிறிஸ்ரி இரண்டாவது முறை செத்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. மாமாவும் அவருடைய கானும் என்று சொல்லிவிட்டு, வரிசைக்கு எல்லை வைத்தேன். பத்துச் சேதிதான் நிற்கலாம். பதினோராவதாக வருவதை எறி. ஓடவிட்டேன். பத்து நிரம்பியிருந்த நேரம் பார்த்து எச்சரிக்கை வந்தது. அதுதான் பதினோராவது. ஸ்கிரிப்ட் சொன்ன சொல் தட்டாமல் அதைத் தூக்கி எறிந்தது. கிறிஸ்ரிக்குச் சேதியே போகவில்லை. இந்த முறை நான்தான் கொன்றேன். குசினியில் நெத்தலி கருகுவதுகூடத் தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிறகுதான் மூளை வேலை செய்தது. ஒரு வரிசை போதாது. எச்சரிக்கைக்கு என்று தனி வரிசை வேண்டும். அதில் ஏதாவது இருந்தால் முதலில் அது போகட்டும், மற்ற வரிசை நிற்கட்டும். மற்ற வரிசைக்கு எல்லை பத்து. அதற்கு மேல் வருவதை எறியலாம். எழுதி ஓடவிட்டேன். எச்சரிக்கை நேரே போனது. கிறிஸ்ரியின் வள்ளம் காற்றுக்கு முன்னமே கரைக்கு வந்தது. திரையில் அது ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளி வந்து கரையைத் தொட்டபோது நான் அழுதேன். உள்ளே வந்த கிறிஸ்ரி “ஏன், கறி எரிஞ்சதுக்கே அழுகிறாய்?” என்றார். ஓம் என்றேன்.

இனி வருவதுதான் என் மடைத்தனம். சங்கக் கூட்டத்தில் காட்டுவதற்கு முடிவுகளைத் தமிழில் எழுதினேன். எந்த வள்ளத்துக்குப் போக இருந்ததில் எத்தனை சேதி எறியப்பட்டது என்று ஒரு அட்டவணை. “எறிந்தது” என்றால் மரியாதை இல்லாமல் இருக்கும் என்று நினைத்து, தலைப்பில் “கைவிட்டது” என்று போட்டேன். பக்கத்தில் வள்ளத்தின் பெயர். எங்கள் கரையில் வள்ளத்துக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று பிறந்ததில் இருந்து பார்க்கிறவள் நான். இருந்தும் கூட்டத்தில் புறொஜெக்ரரால் சுவரில் பெரிதாக அது விழும் வரை எனக்குப் புத்தியில் ஓடவில்லை.

அந்தோனியார் கைவிட்டது 41. மடு மாதா கைவிட்டது 29. சூசையப்பர் கைவிட்டது 33.

முன் வரிசையில் இருந்த றோஸ்மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

“அந்தோனியாரோ?” என்றார் மாமா. “அந்தோனியார் ஆரையடி கைவிட்டவர்?”

“மாமா, அது வள்ளம்...”

“காணாமப் போனதையே தேடித் தாற மனுசன். அவர் நாப்பத்தொண்டைக் கைவிட்டவராம். மாதாவும் விட்டிட்டாவாம்! எழுதி வேற வச்சிருக்கிறாய்!”

அதற்குப் பிறகு எச்சரிக்கையும் தனி வரிசையும் யாருடைய காதிலும் ஏறவில்லை. ஒவ்வொருவரும் தன் புனிதருக்கு வழக்காடினார்கள். சூசையப்பரின் வள்ளக்காரர், அந்தோனியாரை விடத் தன்னுடையவர் குறையத்தான் கைவிட்டிருக்கிறார் என்று ஆறுதல் பட்டார். கடைசியில் மாமா தீர்ப்புச் சொன்னார். எல்லாவற்றுக்கும் நேரே பூச்சியம் இருக்க வேண்டும். ஒரு சேதியும் கைவிடப்படக் கூடாது. பழைய விதியே ஏறட்டும்.

நான் கிறிஸ்ரியைப் பார்த்தேன். அந்தோனியார் வள்ளத்தில் போகிறவர் அவர். இந்தப் பாடெல்லாம் யாருக்காகப் பட்டேன்? எழும்பி ஒரு சொல் சொல்லுவார் என்று பார்த்தேன். எழும்பினார்.

“எனக்கு மாமா சொல்லுறதுதான் சரியாப் படுது” என்றார். “நாங்கள் அந்தோனியாரை நம்பித்தானே கடலுக்குப் போறம். அவர் கைவிட்டவர் எண்டு எழுதி வச்சா, நாளைக்கு ஆர் வள்ளத்தில ஏறுவினம்?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் புறொஜெக்ரரைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். அது நிறுவனத்தின் பொருள் என்பதால் விட்டேன்.

அன்றில் இருந்து நான் அவரோடு கதைக்கவில்லை. சோற்றைப் போடுவேன், போவேன். அவருக்கும் முழு நாளும் வாய் மூடியிருக்க ஏலாது. அதனால் பூனையோடு கதைத்தார். வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் கடல் சரியில்லை, அவர் தொழிலுக்குப் போகவில்லை. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே பூனைக்குச் செய்தி சொன்னார்.

“இண்டைக்குக் கடல் சரியில்லை. எங்கட வள்ளங்கள் முழுக்கக் கரையில நிண்டிட்டுது. நிண்டதும் நல்லதுதான்.”

என் கையில் இருந்த அகப்பை நின்றது. கரையில் நின்றது. எந்தப் புனிதருக்கும் குறை இல்லாத சொல். மோசமான கடலில் வள்ளம் கரையில் நின்றால், அதைக் கைவிட்டது என்று எந்த விசரன் சொல்லுவான்? அந்த மனுசனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் நான் கோபத்தில் அல்லவா இருந்தேன். இன்னொரு அகப்பை சோறு போட்டுவிட்டு உள்ளே போய் அட்டவணையின் தலைப்பை மாற்றினேன்.

வெள்ளிக்கிழமை நவ்ஷாத் வந்தார். கருவிகளை வரிசையாக வைத்துவிட்டு, “என்ன, முடிவு எடுத்தாச்சா?” என்று கேட்டார். நான் மாமாவிடம் ஒரே ஒரு தரம் பார்க்கச் சொன்னேன். அதே சங்கம், அதே சனம், அதே சுவர்.

அந்தோனியார், கரையில் நின்றவை 41.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். “நாப்பத்தொண்டையும் அந்தோனியார் கரையிலயே நிப்பாட்டிப் போட்டார்?”

“ஓம், மாமா. கடல் சரியில்லாத நேரம்.”

“அது அவர் செய்வார்தான்” என்றார். றோஸ்மேரி அக்கா தலையை ஆட்டினார். எண் ஒன்றுகூட மாறவில்லை. மாறினது இரண்டு சொல்.

“ஆனா அந்தக் காத்துச் சேதி நடுவால பூருதே” என்றார் மாமா. அவர் அவ்வளவு லேசில் விடுகிற ஆள் இல்லை. “அதுக்கு நான் விடமாட்டன். லைன் எண்டா லைன்.”

நான் கதிரையில் இருந்த நீலக் கானைப் பார்த்தேன்.

“மாமா, அந்த எண்ணெய் லைனுக்குள்ளால அம்புலன்ஸ் வந்ததல்லோ. என்ன செய்தனீங்கள்?”

“என்ன செய்யிறது? கானுகளைத் தூக்கிப்போட்டு வழி விட்டனாங்கள்.”

“அப்ப அது லைனில பூந்ததுதானே?”

“விசர்க் கதை கதைக்காத பிள்ளை. அது எண்ணெய்க்கு வந்ததே? அது தன்ர பாட்டில ஆஸ்பத்திரிக்குப் போனது.”

“இதுவும் எண்ணெய்க்கு வரேல்ல, மாமா.”

மாமா கானைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு நவ்ஷாத்திடம் திரும்பினார். “தம்பி, அதுக்கு வேற றோட்டுப் போடுங்கோ.”

“அதைத்தான் ஐயா, தங்கச்சி எழுதியிருக்கிறா” என்றார் நவ்ஷாத். ஏற்றினார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

எல்லாம் சுபம் என்று நீங்கள் நினைப்பீர்கள். என் கோபம் அப்படியே இருந்தது. வெளியில் வந்ததும் கிறிஸ்ரி என்ன சொன்னார் தெரியுமா? “நான் அண்டைக்கே சொன்னனான், சொல்லுத்தான் பிழை எண்டு.” சொன்னாராம். அத்தனை சனத்துக்கு நடுவில் என்னை விட்டுவிட்டு மாமாவோடு நின்றது பிழை என்று ஒரு வார்த்தை வரவில்லை. அது வரும் வரை கதைப்பதில்லை என்று நானும் நின்றேன். பூனை பாடு கொண்டாட்டம்.

அப்படியே நாட்கள் போயின. ஒரு விடியற்காலை அவர் புறப்படும்போது, “போட்டு வாறன்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பூனையைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. நான் என்ன சொன்னேன்? “போய் மாமாவோடயே குடும்பம் நடத்துங்கோ” என்றேன். சாப்பாடும் கட்டிக் கொடுக்கவில்லை. அவர் வெறும் தேத்தண்ணியோடு போனார்.

வெயில் ஏறின பிறகு காற்று எச்சரிக்கை வந்தது. இது பொய்க்கடல் இல்லை. மாமா அதைக் கருவியில் அடித்து அனுப்பினார் என்று கேட்டதும் கரையில் இருந்த சனம் முழுக்கச் சங்கத்துக்கு ஓடியது. தாய்மார், தகப்பன்மார், பெண்டாட்டிமார் எல்லோரும் தங்கள் தங்கள் வள்ளத்துக்குச் சேதி அடித்தார்கள். கெதியா வாங்கோ. வலையை விட்டிட்டு வாங்கோ. வாங்கோ, வாங்கோ.

நானும் போனேன். ஒரு மூலையில் நின்று அடித்தேன். அடித்ததை அழித்தேன். திரும்ப அடித்தேன். கலியாணம் கட்டின நாளில் இருந்து நான் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டவள் இல்லை. கை பழகவில்லை. எல்லோரும் அனுப்பி முடிந்த பிறகு, கடைசி ஆளாக அனுப்பினேன். “பிழை என்னிலதான். வாங்கோ.” அவ்வளவுதான். அதற்கே எனக்கு வேர்த்துவிட்டது.

பிறகு கரைக்குப் போய் நின்றேன். என் ஸ்கிரிப்டில் எங்கேயாவது ஒரு புள்ளி, ஒரு அடைப்புக்குறி பிழைத்திருந்தால்? நான்காம் முறை திரையில் கரையைத் தொட்ட புள்ளி, மெய்க்கடலில் தொடுமா? அந்தோனியாரே, அந்த அட்டவணையை மனதில் வைத்திருக்காதேயும் என்று வேண்டினேன். கடல் நிறம் மாறிக்கொண்டு இருந்தது.

முதலில் சூசையப்பர் வந்தது. பிறகு மடு மாதா. பிறகு வேறு வள்ளங்கள். கடைசிக்கு முதல் வள்ளமாக அந்தோனியார் வந்தது. கிறிஸ்ரி குதித்து இறங்கினார். மற்ற ஆட்களோடு சேர்ந்து வள்ளத்தை மேலே இழுத்து முடிக்கிற நேரம் முதல் காற்று மண்ணை வாரி எங்கள் முகத்தில் அடித்தது.

அவர் நனைந்தபடி என்னிடம் வந்தார். நான் காத்திருந்தேன். ஆயுளில் ஒரு முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மனுசன் என்ன சொல்லப் போகிறார்?

“சோறு இருக்கே?” என்றார்.

எனக்குத் திரும்பவும் கோபம் ஏறியது. “வேற ஒண்டும் சொல்லக் கிடையாதோ?”

“என்ன சொல்ல? காத்துச் சேதி வந்தது, வலையை வெட்டிப்போட்டு வந்தனான். காலமை தொடக்கம் பசி.”

“வேற சேதி ஒண்டும் வரேல்லையோ?”

“இல்லையே. ஏன்?”

அந்த நேரம் சங்கக் கட்டடத்து வாசலில் நின்று மாமா கத்தினார். காற்றில் அவருடைய வேட்டி தலைக்கு மேல் போகப் பார்த்தது.

“பிள்ளை! அந்தோனியாருக்கு ஒண்டு கரையில நிண்டிட்டுதாம், திரையில காட்டுது! ஆரோ கடைசியா அனுப்பினது. பாவம், லைனில நிண்ட சேதியடி. இப்ப அனுப்பேலாதோ?”

எல்லை பத்து. பதினோராவதாக வருவதை எறி. எழுதினவள் நான்.

கிறிஸ்ரி என் முகத்தைப் பார்த்தார். “நீயோ அனுப்பினனி?”

“ஓம்.”

“என்னவாம்?”

நான் அவருடைய கையைப் பிடித்தேன். உப்பும் ஈரமுமாக, சூடாக இருந்தது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நான் விடவில்லை.

“சோறு ஆறுது, கெதியா வாங்கோ எண்டு.”

“அதுக்கே இவ்வளவு கோவம்?” என்று சிரித்தார். “அப்ப வா, முழுக்க ஆற முதல் போவம்.”

போனோம். எச்சரிக்கை வந்ததில் இருந்து நானும் கரையில்தான் நின்றேன். வீட்டில் உலைகூட வைக்கவில்லை.